வீட்டுக் கொம்பியூட்டரில் உளவு மென்பொருள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி?

திருகோணமலையில் ஒரு கொம்பியூட்டர் கொஞ்சம் முரண்டு பிடித்தாலே உடனே கிடைக்கிற ஆலோசனை, "விண்டோஸ் அடிச்சு விடுங்கோ" என்பதுதான். கடையில் கொடுத்தால் பின்னேரத்துக்குள் எல்லாவற்றையும் அழித்துப் புது விண்டோஸ் போட்டுத் தருவார்கள். பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்களும் அதோடு போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கலும் இருக்கிறது. உளவு மென்பொருள், அதாவது உங்களுக்குத் தெரியாமல் உள்ளே இருந்து தகவல் திருடும் புரோகிராம், உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டை ஏற்கெனவே வெளியே அனுப்பியிருந்தால், டிஸ்க்கை எத்தனை முறை அழித்தாலும் போனது போனதுதான். சின்னக் கோளாறுக்கு எல்லாவற்றையும் அழிக்கிறோம். பெரிய கோளாறு வரும்போது, அழித்தாயிற்று, இனிப் பயமில்லை என்று இருந்துவிடுகிறோம். அதனால்தான் முதலில் அறிகுறியைப் பாருங்கள் என்று சொல்கிறேன்.

கீழே உள்ளவை விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனுக்களின் பெயர்களைத் திரையில் இருக்கிறபடியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். விண்டோஸ் 10இல் சில மெனுக்களின் பெயரும் இடமும் கொஞ்சம் வேறாக இருக்கும்.

எதையும் தொடுவதற்கு முன்

சந்தேகம் வந்ததும் வைஃபையை நிறுத்துங்கள், அல்லது ரவுட்டரிலிருந்து வருகிற வயரைக் கழற்றுங்கள். அந்தக் கொம்பியூட்டரில் வங்கிக்கோ மின்னஞ்சலுக்கோ லொகின் செய்யாதீர்கள். படங்களையும் ஆவணங்களையும் மட்டும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். புரோகிராம்களையும் இன்ஸ்டோல் பண்ணும் பைல்களையும் எடுக்க வேண்டாம், கிருமி பெரும்பாலும் அவற்றோடுதான் பயணம் செய்யும்.

அறிகுறி: திரையின் மூலையில் விளம்பரங்கள் வந்து வந்து விழுகின்றன

"உங்கள் கொம்பியூட்டரில் 5 வைரஸ்கள்" என்று வலது பக்கக் கீழ் மூலையில் அடிக்கடி வருகிறதா? பெரும்பாலும் இது வைரஸே இல்லை. கிரிக்கெட் நேரலை பார்க்கவோ படம் பார்க்கவோ போன ஏதோ ஒரு தளத்தில் "அலோவ்" என்ற பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். அந்தத் தளம்தான் அறிவிப்பு அனுப்புகிறது.

குரோமில் செட்டிங்ஸ், பிறகு பிரைவசி அன்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். உங்களுக்குத் தெரியாத எல்லாவற்றையும் நீக்குங்கள். அவ்வளவுதான். இதற்குப் போய் விண்டோஸ் அடிக்கக் கொடுப்பது வீண் செலவு.

அறிகுறி: திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை, சத்தம், ஒரு தொலைபேசி இலக்கம்

இது வெறும் இணையப் பக்கம்தான். மைக்ரோசொப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கம் போடுவதே இல்லை. எஸ்கேப் விசையைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். போகவில்லையென்றால் கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மனேஜரில் பிரவுசரைத் தெரிவு செய்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களை மீட்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அந்த இலக்கத்துக்கு அழைத்து, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க் போன்ற, தூரத்திலிருந்தே உங்கள் கொம்பியூட்டரை இயக்கவிடும் புரோகிராம் ஒன்றைப் போட்டு அவர்களை உள்ளே விட்டிருந்தால் கதை வேறு. கணக்குகள் களவு போவதைப் பற்றிய பகுதி கீழே இருக்கிறது, நேராக அதற்குப் போங்கள்.

அறிகுறி: தேடும் பக்கம் தானாக மாறிவிட்டது, மாற்றினாலும் திரும்ப வருகிறது

கூகுளில் தேடினால் வேறு ஏதோ தளத்துக்குச் சுற்றிப் போகிறது என்றால் பெரும்பாலும் ஓர் எக்ஸ்டென்ஷன்தான், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்னப் புரோகிராம்தான் காரணம். பிடிஎப் மாற்றி, யூடியூப் டவுன்லோடர், கூப்பன் தேடுவது என்று ஏதாவது ஒரு பெயரில் உட்கார்ந்திருக்கும். நீங்கள் எங்கெங்கே போகிறீர்கள், என்ன தேடுகிறீர்கள் என்பதை எல்லாம் இதனால் பார்க்க முடியும்.

முதலில் செட்டிங்ஸில் இன்ஸ்டோல்ட் அப்ஸ் (விண்டோஸ் 10இல் அப்ஸ் அன்ட் பீச்சர்ஸ்) பட்டியலைத் திறந்து திகதி வரிசையில் வையுங்கள். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்த, உங்களுக்குத் தெரியாத புரோகிராம்களை நீக்குங்கள். அடுத்து குரோமில் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கம் போய், எது தேவை என்று உங்களால் சொல்ல முடியாதோ அதையெல்லாம் எடுத்துவிடுங்கள். பிறகு ரீசெட் செட்டிங்ஸ். இதனால் புக்மார்க்குகளும் சேமித்த பாஸ்வேர்டுகளும் அழியாது.

நீக்கியும் திரும்ப வந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. குரோம் உங்கள் கூகுள் கணக்கோடு ஒத்திசைந்து (சிங்க் ஆகி), அதே எக்ஸ்டென்ஷனை மறுபடி இறக்கித் தரலாம். அப்படியானால் ஒத்திசைவை நிறுத்திவிட்டு நீக்குங்கள். வீட்டில் இன்னொரு லப்டொப் அதே கணக்கில் இருந்தால் அதிலும் நீக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மற்றக் காரணம், குரோம் மெனுவின் அடியில் "மேனேஜ்ட் பை யுவர் ஓர்கனைசேஷன்" என்று தெரிவது. அலுவலகக் கொம்பியூட்டரில் அது வழக்கம். சில அன்டிவைரஸ்களாலும் வரும். வீட்டுக் கொம்பியூட்டரில் வேறு காரணமே இல்லாமல் வந்திருந்தால், எவனோ பூட்டுப் போட்டிருக்கிறான். மல்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் இலவச ஆட்வ்கிளீனர் இதற்கு நல்ல கருவி. அந்தப் பூட்டை, அதாவது குரோம் கொள்கைகளை மீட்டமைக்கும் தெரிவு அதன் செட்டிங்ஸில் இருக்கிறது, அதையும் போட்டுவிட்டு ஓட்டுங்கள். அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் மேலே வருகிற விளம்பர இணைப்பை அழுத்த வேண்டாம்.

அறிகுறி: பென் டிரைவில் உள்ள எல்லாம் ஷோர்ட்கட் ஆகிவிட்டது

நம் ஊரில் இது இன்னும் தீரவில்லை. விண்ணப்பப் படிவம் பிரிண்ட் எடுக்க, அடையாள அட்டைப் பிரதி எடுக்க, பிள்ளையின் புரொஜெக்டை பைண்ட் பண்ண என்று எல்லாவற்றுக்கும் பென்னைத் தூக்கிக்கொண்டு கொமினிகேஷனுக்குப் போகிறோம். மத்திய வீதியானாலும் கிண்ணியாவானாலும் மூதூரானாலும், ஒரு கடையின் கொம்பியூட்டரில் ஒரு நாளில் எத்தனையோ பேருடைய பென்கள் ஏறி இறங்கும். ஒன்றில் இருந்தது எல்லாவற்றுக்கும் போகும்.

என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் குறையும். உங்கள் பைல்கள் அழியவில்லை. கிருமி அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷோர்ட்கட் ஒன்றை வைக்கிறது. அதை நீங்கள் இரண்டு தரம் கிளிக் பண்ணினால் முதலில் கிருமி ஓடும், அடுத்து உங்கள் போல்டர் வழக்கம்போலத் திறக்கும். எல்லாம் சரியாகத் திறக்கிறதே என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். 2011 பெப்ரவரியில் வந்த ஓர் அப்டேட்டோடு, பென்னைச் செருகியதும் தானாக ஓடுகிற வசதியைப் பழைய விண்டோஸ்களிலும் மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அதன் பிறகு இந்தக் கிருமிகளுக்கு உங்கள் கிளிக் தேவைப்படுகிறது. ஆகவே கிளிக் பண்ணாதீர்கள்.

பைல் எக்ஸ்புளோரரில் வியூ மெனுவுக்குப் போய் ஹிடன் ஐட்டம்ஸ் என்பதைப் போடுங்கள். அது மட்டும் போதாது. ஒப்ஷன்ஸைத் திறந்து (விண்டோஸ் 11இல் அது மேலே உள்ள மூன்று புள்ளி மெனுவில் இருக்கும்), வியூ தாவலுக்குள், "ஹைட் புரொடெக்டட் ஒபரேட்டிங் சிஸ்டம் பைல்ஸ்" என்ற வரியில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். இப்போது பென்னைப் பாருங்கள். மங்கலான போல்டர்கள் தெரியும். சில வேளை பெயரே இல்லாத ஒரு போல்டர் மட்டும் இருக்கும், பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக. உங்கள் பைல்கள் எல்லாம் அதற்குள்தான். டெஸ்க்டொப்பில் புது போல்டர் ஒன்றை உருவாக்கி, உங்களுக்குத் தெரிந்த படங்கள், ஆவணங்களை மட்டும் அதற்குள் பிரதி எடுங்கள். அம்புக்குறி போட்ட ஷோர்ட்கட்களையும், விபிஎஸ், ஈஎக்ஸ்ஈ என்று முடிகிற தெரியாத பைல்களையும் விட்டுவிடுங்கள். எடுத்ததை ஸ்கேன் பண்ணிய பிறகு பென்னை போமட் பண்ணுங்கள். வேலை முடிந்ததும் அந்தச் சரி அடையாளத்தைத் திரும்பப் போட மறக்க வேண்டாம்.

சுத்தமான இன்னொரு பென்னைச் செருகி எடுத்ததும் அதிலும் ஷோர்ட்கட் வந்தால், உங்கள் கொம்பியூட்டரிலேயே கிருமி குடியிருக்கிறது. அடுத்த பகுதியில் சொல்கிற ஒப்லைன் ஸ்கேன் அதற்குத்தான்.

பென் வேண்டாம் என்று கடைக் கொம்பியூட்டரில் வட்ஸ்அப் வெப் திறந்து பிரிண்ட் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். லொக் அவுட் பண்ணாமல் வந்தால் உங்கள் உரையாடல் முழுவதும் அங்கே திறந்து கிடக்கும். இதை வாசிக்கும்போதே போனை எடுத்து, வட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் பாருங்கள். தெரியாத கொம்பியூட்டர் ஏதும் இருந்தால் அதிலிருந்து வெளியேறுங்கள்.

அறிகுறி: விண்டோஸோடு வருகிற அன்டிவைரஸான டிபெண்டர் நின்றுவிட்டது, போட்டாலும் இயங்கவில்லை

வேறு அன்டிவைரஸ் போட்டிருந்தால் டிபெண்டர் ஒதுங்கி நிற்பது இயல்பு. அப்படி ஒன்றும் இல்லாமல் நின்றிருந்தால் கவலைப்பட வேண்டிய விடயம்தான்.

இது எப்படி நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டிய போட்டோ எடிட்டிங் புரோகிராமின் கிராக் ஒன்றை, அதாவது பூட்டுடைத்த கள்ளப் பிரதி ஒன்றை இறக்குகிறோம். "இன்ஸ்டோல் பண்ணும் முன் அன்டிவைரசை நிறுத்தவும்" என்று அதற்குள் ஒரு குறிப்பு இருக்கும். நாமே நிறுத்துகிறோம். உள்ளே போன பிறகு அது முதல் வேலையாக டிபெண்டரின் விலக்குப் பட்டியலில் தன்னைச் சேர்த்துக்கொள்ளும். அதன் பிறகு டிபெண்டர் பச்சை நிறத்தில் எல்லாம் நலம் என்று காட்டும், ஆனால் அந்த இடத்தை எட்டியும் பார்க்காது.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அன்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், எக்ஸ்குளூஷன்ஸ் வரை போங்கள். வீட்டுக் கொம்பியூட்டரில் அந்தப் பட்டியல் வெறுமையாக இருப்பதுதான் வழக்கம். சி டிரைவ் முழுவதும் அங்கே பதிந்திருப்பதையும் கண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் நீக்குங்கள். டிபெண்டரை வேறு மென்பொருள் நிறுத்தவிடாமல் காக்கும் டாம்பர் புரொடெக்ஷன் மேனேஜ் செட்டிங்ஸ் பக்கத்தில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது ஸ்கேன் ஒப்ஷன்ஸில் இருக்கிற ஒப்லைன் ஸ்கேன். கொம்பியூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்ப முன்னரே தேடும். ஓடிக்கொண்டிருக்கும் கிருமி தன்னை மறைத்துக்கொள்ளும், ஓடத் தொடங்காததால் அது முடியாது என்பதே இதன் சூட்சுமம். ஏறக்குறைய 15 நிமிடம் எடுக்கும், வழக்கமான ஸ்கேனுக்கு அகப்படாதது இதில் அகப்படலாம். இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமென்றால் மைக்ரோசொப்ட் சேப்டி ஸ்கேனர் இலவசம். இறக்கி 10 நாளுக்குப் பிறகு அது காலாவதி, மறுபடி புதிதாக இறக்க வேண்டும்.

கடையில் விண்டோஸ் போடக் கொடுக்கும்போது, "அண்ணா, அக்டிவேட்டர் ஏதும் போடுறீங்களா?" என்று கேளுங்கள். காசு கட்டாமலே விண்டோஸையோ ஒபிஸையோ இயங்கவைக்கும் கள்ள மென்பொருள்தான் அது. கேட்பதில் வெட்கமே இல்லை. எம்எஸ் ஒபிஸுக்குப் பதிலாக லிப்ரே ஒபிஸ் இலவசம், பாடசாலை வேலைக்கும் கடிதம் எழுதவும் தாராளமாகப் போதும். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச அப்டேட்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. அதில் இருப்பவர்கள் 11க்கு மாற முடியுமா என்று பார்ப்பது நல்லது.

அறிகுறி: கொம்பியூட்டர் ஊர்கிறது, விசிறி இரைகிறது

எல்லா மந்தமும் உளவு மென்பொருள் இல்லை. கடற்காற்று எங்கள் பகுதியில் கொம்பியூட்டருக்கு நல்லதே இல்லை. உப்பும் ஈரமும் ரெம்மின் முனைகளில் படிந்து அரிக்கும், தூசி விசிறியை அடைக்கும். சூடு ஏறினால் புரோசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மனேஜரில் டிஸ்க் மட்டும் 100 வீதத்தில் நிற்கிறது என்றால், பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் தீர்ந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

ஒரு சோதனை மட்டும் செய்து பாருங்கள். சும்மா இருக்கும்போது விசிறி இரைந்து, டாஸ்க் மனேஜரைத் திறந்ததும் இரைச்சல் அடங்குகிறதா? அதை மூடிய பின் மறுபடி தொடங்குகிறதா? உங்கள் மின்சாரத்தில் வேறொருவருக்கு பிட்கொயின் போன்ற கிரிப்டோ நாணயம் தோண்டும் (மைனிங்) மென்பொருள்களில் சில, டாஸ்க் மனேஜரைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும். அப்படியென்றால் மேலே சொன்ன ஒப்லைன் ஸ்கேன்.

அறிகுறி: கணக்குகள் கைவிட்டுப் போகின்றன

உங்கள் பேஸ்புக்கில் நீங்கள் போடாத பதிவு வருகிறது. ஜிமெயிலில் தெரியாத நாட்டிலிருந்து லொகின். உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

உப்புவெளியில் வாடகைக்கு அறை கொடுக்கும் அக்கா ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டது இதுதான்: "தம்பி, நான் ஓடிபி ஒருத்தருக்கும் சொல்லேல்லையே, பிறகு எப்படிப் போனது?" அவர் சொன்னது உண்மை. லொகின் செய்த பிறகு பிரவுசர் குக்கீ என்ற ஒன்றை வைத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரி வாசலில் தருகிற நுழைவுத் துண்டு மாதிரி, அதைக் காட்டினால் மறுபடி யாரும் பெயர் கேட்பதில்லை. திருடும் மென்பொருள் சேமித்த பாஸ்வேர்டுகளோடு அந்தக் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகிறது. அதனால்தான் ஓடிபி கேட்கப்படவே இல்லை.

லும்மா என்பது இவ்வகையில் ஒன்று. 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையான இரண்டு மாதத்தில் மட்டும் 394,000க்கும் அதிகமான விண்டோஸ் கொம்பியூட்டர்களில் அது இருந்ததை மைக்ரோசொப்ட் கண்டறிந்தது. அது பரவுகிற வழிகளில் ஒன்றை விருந்தினர் விடுதி நடத்துகிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். புக்கிங் டொட் கொம் அனுப்பியது போல ஒரு மின்னஞ்சல் வரும், விருந்தினரின் முறைப்பாடு என்று. இணைப்பை அழுத்தினால் "நீங்கள் மனிதர்தானா?" என்று ஒரு பக்கம். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்து, பிறகு கொன்ட்ரோலும் வியும், பிறகு என்டர் என்று அது சொல்லும். அப்படிச் செய்தால் கிருமியை உங்கள் கையாலேயே இறக்கிக்கொள்கிறீர்கள். எந்த உண்மையான தளமும் இப்படிச் சோதிக்காது. தெற்காசியா உட்படப் பல பகுதிகளின் விடுதித் துறையைக் குறிவைத்து இந்தத் தந்திரம் நடப்பதாக 2025 மார்ச்சில் மைக்ரோசொப்ட் எச்சரித்தது. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சீசன் நேரம் வருகிற மின்னஞ்சல்களுக்கு அவசரத்தில் பதில் போடுகிறவர்கள் இதை எழுதி மேசையில் ஒட்டினாலும் தப்பில்லை.

இப்படி நடந்திருந்தால் ஒழுங்கு மாறக் கூடாது.

1. கொம்பியூட்டரை நெட்டிலிருந்து கழற்றுங்கள். பாஸ்வேர்ட் மாற்றும் வேலை எல்லாம் போனில், டேட்டாவில். கிருமி இருக்கிற கொம்பியூட்டரில் மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் திருடனுக்குப் போகும்.
2. முதலில் மின்னஞ்சல். மற்ற எல்லாக் கணக்குகளின் திறப்பும் அதற்குள் இருக்கிறது. பாஸ்வேர்டை மாற்றி, கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில், கிருமி பிடித்த கொம்பியூட்டர் உட்பட, கையில் இருக்கும் போனைத் தவிர மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். களவு போன குக்கீ செத்துப்போவது அப்போதுதான். மீட்பு இலக்கமும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள்.
3. ஜிமெயிலில் போவர்டிங்கையும் பில்டர்களையும் பாருங்கள். இதற்குப் போன் அப் போதாது, நம்பிக்கையான இன்னொரு கொம்பியூட்டர் வேண்டும். உங்கள் கடிதங்களின் பிரதியைத் தனக்கு அனுப்பும்படி அவன் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அது நிற்காது.
4. பிறகு வங்கிக்கு நேரே அழையுங்கள். கார்ட் விவரம் பிரவுசரில் சேமித்திருந்தால் அந்த கார்டை நிறுத்தச் சொல்லுங்கள்.
5. பேஸ்புக், வட்ஸ்அப், புக்கிங் தளங்கள். எல்லாவற்றிலும் பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

இதற்குப் பிறகுதான் கொம்பியூட்டர். இந்த ஒரு சந்தர்ப்பத்தில் முழுதாக அழித்துப் போடுவதே சரி என்பேன், என்னென்ன உள்ளே இறங்கியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. செட்டிங்ஸில் ரிகவரி, ரீசெட் திஸ் பீசி, ரிமூவ் எவ்ரிதிங், கிளவுட் டவுன்லோட். இதற்கு 4 ஜிபிக்கு மேல் டேட்டா போகலாம், பக்கேஜைப் பார்த்துத் தொடங்குங்கள்.

பண இழப்போ மிரட்டலோ இருந்தால் திரைப் படங்களைச் சேமித்து வைத்துக்கொண்டு பொலிஸில் முறையிடலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் இது குற்றம். கணினிப் பாதுகாப்புச் சிக்கல்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

அறிகுறி: நான் எழுதியது, பேசியது வீட்டில் ஒருவருக்குத் தெரிகிறது

கண்காணிக்கும் மென்பொருளை வெளியாட்கள்தான் போட வேண்டும் என்றில்லை. கணவனோ உறவினரோ போட்டிருக்கலாம். இதில் மட்டும் உடனே நீக்க வேண்டாம். நீக்கினால் போட்டவருக்கு அப்போதே தெரிந்துவிடும், சில வீடுகளில் அது ஆபத்து. நம்பிக்கையான ஒருவரின் போனில் இருந்து முதலில் பேசுங்கள். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம்.

அறிகுறி: போன் உட்பட வீட்டில் உள்ள எல்லாம் தவறான தளத்துக்குப் போகின்றன

அப்போது கோளாறு ரவுட்டரில். முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் அமைப்பை யாரோ மாற்றியிருக்கலாம். டிஎன்எஸ் சேஞ்சர் என்ற கிருமி இதே வேலையைச் செய்து, 2011இல் அந்தக் கும்பல் பிடிபடும்போது நூறு நாடுகளில் ஏறக்குறைய 40 லட்சம் கொம்பியூட்டர்களைப் பாதித்திருந்தது. ரவுட்டரின் பின்னால் உள்ள சிறிய துளையில் ஊசி குத்தி ரீசெட் பண்ணும் முன் உங்கள் இணையச் சேவை நிறுவனத்துக்கு அழையுங்கள். பைபர் இணைப்பென்றால் அவர்கள் போட்ட அமைப்புகளும் சேர்ந்து அழிந்துபோகலாம். ரீசெட் முடிந்ததும் ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்ட் வேறு, இது வேறு.

அறிகுறி: கிருமி போய்விட்டது, ஆனால் நெட் வேலை செய்யவில்லை

உங்கள் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பி வைத்திருந்த கிருமி போனாலும், திருப்பிய அமைப்பு அப்படியே நிற்கும். நெட்வேர்க் அன்ட் இன்டர்நெட், பிறகு புரொக்சி. யூஸ் எ புரொக்சி சேவர், யூஸ் செட்டப் ஸ்கிரிப்ட் இரண்டையும் நிறுத்துங்கள். பெரும்பாலும் இத்தோடு வேலை செய்யும்.

அன்டிவைரஸ் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்ற வரிசையில் போய் ஹோஸ்ட்ஸ் என்ற பைலைப் பாருங்கள். நோட்பேட்டை நிர்வாகியாகத் திறந்து, அதற்குள் இருந்து இதைத் திறக்க வேண்டும். # குறியில் தொடங்காத வரிகளில் அந்தத் தளங்களின் பெயர் இருந்தால் அழித்துவிட்டுச் சேமியுங்கள். அதற்கும் சரிவரவில்லையென்றால் அட்வான்ஸ்ட் நெட்வேர்க் செட்டிங்ஸில் நெட்வேர்க் ரீசெட் இருக்கிறது. அதை அழுத்தினால் வைஃபை பாஸ்வேர்டும் மறந்துபோகும், முதலில் அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.